கவுன்சலிங் முடிந்த கையோடு வாங்கும் எம்பிபிஎஸ் கிட்: காசுக்குத் தகுமா?

சீட் உறுதியான அன்று மாலையே வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும்: என்னென்ன வாங்கணும்? மருத்துவக் கல்லூரிகளுக்கு எதிரே இருக்கும் கடைகள் இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கின்றன. ‘ஃபர்ஸ்ட் இயர் எம்பிபிஎஸ் கிட்’ என்று ஜிப் வைத்த பை ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார்கள். ஆன்லைனிலும் இதே சரக்குதான். பெரும்பாலும் உள்ளே ஒரு ஸ்டெத், ஒரு வெள்ளைக் கோட், டிசெக்‌ஷன் பாக்ஸ் (உடலை அறுத்துப் படிக்கும் கருவிப் பெட்டி), ரிஃப்ளெக்ஸ் ஹேமர் (அனிச்சைச் செயலைச் சோதிக்கும் சுத்தி), டியூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிரும் கவை), பென் டார்ச், இஞ்ச் டேப். கொஞ்சம் கூடக் கொடுத்தால் பிளாஸ்டிக் போன் செட்டும், அதாவது எலும்புத் தொகுப்பும், சேரும். ஒரே பில்லில் எல்லாம் முடிந்ததென்று அப்பாவுக்கும் நிம்மதி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பையாக வாங்க வேண்டாம். அந்தப் பை கோட்டும் கழுத்தில் ஸ்டெத்துமாக எடுக்கும் முதல் நாள் போட்டோவுக்குப் பொருத்தமானது. முதலாண்டின் பிழைப்பு வேறு இடத்தில் நடக்கிறது. முதல் கட்டம் 12 மாதம். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்று பாடம். நோயாளியைப் பார்ப்பது ‘எர்லி கிளினிக்கல் எக்ஸ்போஷர்’ வகுப்புகளில் எட்டிப் பார்ப்பதோடு சரி. வார்டு போஸ்டிங் இரண்டாம் ஆண்டில்தான். பல்கலைக்கழகத் தேர்வு எழுத தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை வேண்டும். முதலாண்டுத் தேர்வை 4 முறைக்கு மேல் எழுத முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை சொல்கிறது. ஆக, இந்தப் பொருளை எந்த மாதத்தில் முதன்முதலாகக் கையில் எடுப்பீர்கள் என்று கேட்டு வாங்குவதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் பையில் பாதி, மாதக்கணக்கில் ஹாஸ்டல் அலமாரியில் தூங்கும்.

போன் செட்

காசைப் போட வேண்டியது இதில்தான். ஆனால் கிட் விற்பவர்கள் சிக்கனம் பிடிப்பதும் இதில்தான்.

உடம்பில் எலும்பு 206. கையும் காலும் இரு பக்கமும் கண்ணாடி பிம்பம்போல இருப்பதால் ‘ஹாஃப் செட்’ போதும். மண்டையோடு, கீழ்த்தாடை, முதுகெலும்புகள், சேக்ரம் (இடுப்பின் பின்பக்க எலும்பு), ஸ்டெர்னம் (மார்பெலும்பு), ஒரு பக்க விலா எலும்புகள் 12, ஒரு பக்கக் கை கால் எலும்புகள், நூலில் கோத்த மணிக்கட்டும் பாதமும் அதில் இருக்க வேண்டும். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்துக் கேட்கும் வரிசை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: பெயர், வலதா இடதா, உடம்பில் இருப்பதுபோலப் பிடித்துக் காட்டு, அப்புறம் எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது. பக்கம் தப்பினால் உள்பக்கம் வெளிப்பக்கமாகிவிடும். அதற்கப்புறம் சொல்வதெல்லாம் சரியாக இருந்தாலும் தப்புதான்.

அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் நுணுக்கமானவை. மலிவான பிளாஸ்டிக் வார்ப்பில் முதலில் காணாமல் போவதும் அவைதான். கடைக்குப் போகும்போது ஒரு குண்டூசி எடுத்துப் போங்கள். ஐந்து நிமிட வேலை.

மண்டையோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அடிப்பகுதியில் இரு பக்கமும் முட்டை வடிவில் ஒரு துளை தெரியும். அது ஃபோரமென் ஓவேல். அதற்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக ஊசிமுனை அளவில் ஃபோரமென் ஸ்பைனோசம். மிடில் மெனிஞ்சியல் தமனி மண்டைக்குள் நுழையும் வழி அது. குண்டூசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். வெறும் குழியாக இருந்தால் வார்ப்பு அச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற எலும்புகளைப் பார்க்கவே வேண்டாம், அடுத்த கடைக்குப் போகலாம்.

அடுத்து கிளாவிக்கிள் என்னும் காறை எலும்பு. தட்டையான முனை தோள்பக்கம், உருண்டையான முனை மார்புப்பக்கம் என்பது எந்த மட்டமான செட்டிலும் தெரியும். எது மேல், எது கீழ் என்பதில்தான் சிக்கல். கீழ்ப்பரப்பின் நடுவில் சப்கிளேவியஸ் தசைக்கான பள்ளமும், தோள்முனைக்கு அருகில் கோனாய்டு டியூபர்க்கிள் என்ற மேடும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டும் மழுங்கியிருந்தால் அந்த எலும்பை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் படித்தாலும் வலது இடது பழகாது.

மேற்கை எலும்பான ஹியூமரஸின் பின்பக்கத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ரேடியல் நரம்பு செல்லும் சாய்வான பள்ளத்தில் விரல் இறங்கி ஏற வேண்டும். முதல் விலா எலும்பின் மேற்பரப்பில் சின்னதாக ஒரு முடிச்சு, அதற்கு முன்னால் சப்கிளேவியன் சிரைக்கு ஒரு வாய்க்கால், பின்னால் தமனிக்கு ஒன்று. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஃபிபுலாவின் கீழ்முனையில் மூட்டுப் பரப்புக்குப் பின்னால் ஒரு குழி உண்டு. ஃபிபுலாவின் பக்கம் கண்டுபிடிக்கப் பலரும் நம்பியிருப்பது அதைத்தான். மணிக்கட்டில் 8 எலும்பும் தனித்தனியாக நூலில் ஆட வேண்டும். பசை போட்டு ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் அவற்றில் ஒன்றான ஸ்கேஃபாய்டின் பக்கவாட்டைப் பார்க்கவே முடியாது.

எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழையும் துளையான நியூட்ரியன்ட் ஃபோரமென் பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் இருக்காது. அதற்காக செட்டைத் தள்ள வேண்டியதில்லை. அது கையில் முழங்கையை நோக்கியும், காலில் முழங்காலை விட்டு விலகியும் சாய்ந்திருக்கும் என்பதை டிபார்ட்மென்டில் உள்ள உண்மை எலும்பில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

தசை தொடங்கும் இடத்துக்குச் சிவப்பு, முடியும் இடத்துக்கு நீலம் என்று வண்ணம் பூசிய செட் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் தேர்வு மேசையில் கிடப்பது வண்ணமில்லாத எலும்பு. சாதா செட் வாங்கி, சாக்பீஸால் நீங்களே வரைந்து அழித்து வரைவது அதைவிட நன்றாக மனதில் நிற்கும். கைச்செலவும் மிச்சம்.

உண்மை எலும்பு கிடைத்தால் அதற்கு நிகர் எதுவுமில்லை. எடையும் சொரசொரப்பும் பிளாஸ்டிக்கில் வராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எலும்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். மனித எலும்பு ஏற்றுமதியை இந்தியா 1985-இல் தடை செய்ததற்குக் காரணமே அந்த வியாபாரத்தின் பின்னால் இருந்த அசிங்கம். டிபார்ட்மென்டில் இரவல் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். இல்லையென்றால் நல்ல வார்ப்பு பிளாஸ்டிக், அதுவும் சீனியரிடமிருந்து. ஒரு வருடம் பயன்படுத்திய செட்டில் தேய்மானம் ஒன்றும் இருக்காது. விலா எலும்பு 12-ம் இருக்கிறதா, பட்டெல்லா (முழங்கால் சில்லு) தொலைந்துபோகவில்லையா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். முதலில் தொலைவது எப்போதும் பட்டெல்லாதான்.

டிசெக்‌ஷன் பாக்ஸ்

பாக்ஸில் 14, 16 என்று உருப்படிகள் அடுக்கியிருக்கும். கையில் எடுப்பது ஐந்து: ஸ்கால்பெல் பிடி, பல் வைத்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி), பல்லில்லாத ஃபோர்செப்ஸ், ஒரு கத்தரி, ஒரு ப்ரோப் (துழாவும் கம்பி). மிச்சமெல்லாம் பள்ளிக்கூட விலங்கியல் லேபில் தவளைக்காகச் செய்தவை.

பிடியின் எண்ணைப் பாருங்கள். 3-ஆம் எண் பிடியில் 10, 11, 12, 15 பிளேடுகள் சேரும். 4-ஆம் எண் பிடியில் 20 முதல் 24 வரை. மலிவு கிட்டில் 3-ஆம் எண் பிடியும் 22-ஆம் எண் பிளேடும் ஜோடியே சேராமல் கிடப்பதுண்டு. தோலைத் திறக்க 4-ஆம் எண் பிடியும் 22 பிளேடும், நுணுக்கமான இடத்துக்கு 3-ஆம் எண் பிடியும் 15 பிளேடும் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

ஃபோர்செப்ஸைச் சோதிக்க ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிறகு நன்றாக அழுத்துங்கள். அழுத்த அழுத்த முனை விரிந்தால் தகடு மெல்லியது. நரம்பைத் தூக்கும் நேரத்தில் வழுக்கும். டிசெக்‌ஷன் என்றாலே வெட்டுவது என்று நினைத்து வருபவர்களுக்கு ஒரு விஷயம்: தோலைத் தாண்டியதும் பிளேடுக்கு வேலை குறைவு. மூடிய கத்தரியை நுழைத்து உள்ளே விரிப்பது, ஃபோர்செப்ஸால் கொழுப்பை விலக்குவது, விரலால் பிரிப்பது, இவைதான் முக்கால்வாசி. முதல் வாரத்தில் தோலோடு சேர்த்து அடியில் இருக்கும் மெல்லிய நரம்பையும் அறுத்துவிட்டு, அப்புறம் அதைத் தேடிக்கொண்டிருப்பதுதான் எல்லா மேசையிலும் நடக்கும் கூத்து.

பிளேடை விரலால் கழற்றக் கூடாது. பூட்டிக்கொள்ளும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் அடிமுனையைப் பிடித்துத் தூக்கி, உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும். கிட்டில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இல்லாததுதான் அந்தப் பெட்டியின் பெரிய குறை. தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு பெட்டி தேவையில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல செட் வாங்கலாம்.

கிட்டில் வரும் முகக்கவசமும் கையுறையும் பற்றி ஒரு வார்த்தை. சர்ஜிகல் மாஸ்க், உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலினின் ஆவியைத் தடுக்காது. ஆவி துணி வழியாக நேரே வரும். கண் எரிச்சலுக்கு மருந்து, ஃபேனும் திறந்த ஜன்னலும் இருக்கும் பக்கமாக நிற்பதுதான். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஹாலுக்குக் கண்ணாடியில் வரட்டும். கையுறையில் லேடெக்ஸைவிட நைட்ரைல் ஃபார்மலினைத் தாங்கும். ஆனால் அதுவும் நெடுநேரம் தாங்காது, நடுவில் மாற்ற வேண்டும். ஓட்டை போட்ட ரப்பர் செருப்பு ஹாலுக்கு ஆகாது; கீழே விழும் பிளேடு ஓட்டை பார்த்து விழாது. மூடிய ஷூ, அதுவும் இரண்டு மணி நேரம் நின்றால் குதிகால் வலிக்காதது. முதல் நாள் உடல்தானம் செய்தவருக்கு மரியாதையாக உறுதிமொழி எடுக்கும்போது பலருக்கும் கால் தள்ளாடும். காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

கோட்

கிட்டில் வருவது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி. சுருங்காது, பளிச்சென்று இருக்கும், போட்டோவுக்கு நன்றாக விழும். சென்னை, மதுரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்று பாருங்கள், தெரியும். பயோகெமிஸ்ட்ரி லேபில் பர்னர் இருக்கிறது. பருத்தி கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அதனால் பருத்தி, அதுவும் கெட்டித் துணி.

எண்ணிக்கை மூன்று. ஒன்று டிசெக்‌ஷனுக்கு மட்டும். முழுக்கை, முழங்கால் வரை நீளம், வருடக் கடைசியில் தூக்கிப்போடத் தயாராக இருக்க வேண்டும். மற்ற இரண்டும் லேபுக்கும் வகுப்புக்கும் மாற்றி மாற்றி. வார்டுக்குப் போகும் காலத்தில் அரைக்கை நல்லது, முழங்கைக்குக் கீழே துணி இல்லாவிட்டால் கை கழுவுவது சுலபம். டிசெக்‌ஷன் கோட்டை ஹாஸ்டல் பக்கெட்டில் மற்ற துணியோடு ஊறவைக்காதீர்கள். ரத்தக்கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் புரதம் உறைந்து கறை நிரந்தரமாகிவிடும். பாக்கெட்டைச் சோதிக்க ஒரு வழி: மடித்த ரெக்கார்டு நோட்டு உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

ஸ்டெத்

பையின் கதாநாயகன் இவர். வேலைக்கு வருவதோ, பிசியாலஜி பிராக்டிகலில் ரத்த அழுத்தம் பார்க்கும்போதும், பிறகு சக மாணவர்களின் இதய ஒலி, மூச்சொலி கேட்கும்போதும் மட்டும்.

கிட்டில் அடிக்கடி வருவது இரட்டைக் குழாய் மாதிரி. இரண்டு ரப்பர் குழாயும் ஒன்றோடொன்று உரசி, இதயத்தைவிடச் சத்தமாகக் கேட்கும். ஒற்றைக் குழாய், இரு பக்கத் தலை உள்ளது எதுவாக இருந்தாலும் அதைவிட மேல். உள்ளூர்த் தயாரிப்பிலேயே கிடைக்கிறது. ஓர் ஆண்டுக்கு அது தாராளம்.

ஒரேயடியாக வாங்கிவிடுவோம் என்றால் லிட்மன் கிளாசிக் 3. குழாய் 69 செ.மீ., எடை சுமார் 150 கிராம், இரு பக்கமும் டயஃப்ரம் (ஒலியை வாங்கும் சவ்வு), 5 ஆண்டு வாரண்டி. லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி. சின்னப் பக்க டயஃப்ரமைக் கழற்றி விளிம்பு மாட்டினால் பெல் (சவ்வில்லாத திறந்த கிண்ணம்) ஆகிவிடும். ஹவுஸ் சர்ஜன் காலம் வரை இது போதும். லிட்மனின் விலை கூடிய மாதிரியான கார்டியாலஜி 4 நல்ல கருவிதான். முதலாண்டு மாணவருக்கு அந்தக் கூடுதல் விலையில் கூடுதலாக ஒன்றும் கேட்காது. காது பழகுவதற்கு முன் கருவியை மாற்றிப் பயனில்லை. லிட்மனைத் தயாரித்த 3எம் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு 2024-இல் சால்வென்டம் என்ற பெயரில் தனியாகிவிட்டது. பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம்தான் பயப்பட வேண்டும்.

“ஒன்றுமே கேட்கவில்லை” என்று புகார் வந்தால் பத்தில் ஒன்பது முறை கருவியில் கோளாறு இருக்காது. காதுமுனைகள் மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், திருப்பி மாட்டியிருப்பார்கள். அல்லது தலை மறுபக்கம் திரும்பியிருக்கும். விரலால் மெல்லத் தட்டிப் பார்த்து, ‘க்ளிக்’ என்று திருப்பினால் சரியாகிவிடும். வெறும் கழுத்தில் தோலோடு ஒட்ட மாலையாகப் போட்டால் வியர்வையும் எண்ணெயும் பட்டுக் குழாய் விறைத்துப்போகும். காலர் மேல் போடுங்கள். துடைக்க 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போதும், சானிடைசர் ஜெல் வேண்டாம். பெயர் பொறித்துவிடுங்கள். வார்டில் ஸ்டெத்துக்குக் கால் முளைக்கும்.

மற்றவை

கிட்டில் வரும் முக்கோண ரப்பர் ஹேமர் எடையே இல்லாதது. தசைநார் மேல் தட்டினால் கொசு உட்கார்ந்தது மாதிரி இருக்கும், முட்டி ஆடாது. நீளப் பிடியும் கனமான வட்டத் தலையும் உள்ளது தன் எடையிலேயே விழுந்து வேலை செய்யும். பிடிக்குள் ஊசி வைத்திருக்கும் மாதிரிகளில் அந்த ஊசியை நோயாளி மேல் பயன்படுத்தவே கூடாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று போகும். டியூனிங் ஃபோர்க்கில் எண்ணைப் பார்க்காமல் வாங்குபவர்கள் அதிகம். காது கேட்கும் சோதனைக்கு 512 ஹெர்ட்ஸ், அதிர்வு உணர்வுக்கு 128. மலிவு கிட்டில் பல நேரம் 256 மட்டும் இருக்கும். அதிர்வு உணர்வுக்கு அது உதவாது.

பிபி கருவி தனியாள் வாங்க வேண்டியதில்லை, அறைக்கு ஒன்று போதும். அனராய்டு மாதிரியில் காற்றை முழுக்க விட்டதும் முள் சரியாகச் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை கீழே விழுந்தால் கணக்கு மாறிவிடும். கல்லூரியில் உள்ள கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். ரத்த அணு எண்ணும் ஹீமோசைட்டோமீட்டர் பெரும்பாலும் லேபிலேயே இருக்கும், கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பிப்பெட்டைக் குலுக்கிப் பாருங்கள். 101 குறியுள்ளதில் சிவப்பு மணி, 11 குறியுள்ளதில் வெள்ளை மணி; இரண்டும் தடையில்லாமல் உருள வேண்டும். மணி ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே பழைய ரத்தம் காய்ந்திருக்கிறது.

எந்தக் கிட்டிலும் இல்லாத, ஆனால் மாதா மாதம் தீரும் பொருள் இரண்டு கலர் பென்சில். திசுக்களைப் படிக்கும் ஹிஸ்டாலஜி ரெக்கார்டு முழுக்க நியூக்ளியஸ் நீலஊதா, சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பு. 24 கலர் டப்பா வாங்கினால் இந்த இரண்டு மட்டும் தீர்ந்து 22 மிஞ்சும். உதிரியாக விற்கும் கடையில் இந்த இரண்டில் மட்டும் அரை டஜன் வாங்குங்கள்.

மனப்பாடத்துக்கு, கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் அன்கி செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. செயலி நல்லது, இறக்கிக்கொள்ளும் ரெடிமேட் அட்டைகளில்தான் பிரச்சினை. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க உரிமத் தேர்வுக்காகச் செய்தவை. நம் வைவா கேட்கும் “பிடித்துக் காட்டு, வரைந்து காட்டு” அவற்றில் வராது. அன்றைய வகுப்பிலிருந்து நீங்களே பத்து அட்டை போடுவது மேல். தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்கள் ‘ஆஸ்டியோ’ என்றால் எலும்பு, ‘மயோ’ என்றால் தசை, ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி என்று வேர்ச்சொற்களுக்குத் தனியாக ஒரு கட்டு வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் பாடப்புத்தகத்தின் பாதி பயம் போய்விடும்.

கடைசியாக, கடையில் கிடைக்காத ஒன்று: ரத்தம் வழி பரவும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி. “சின்ன வயசில் எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். அரசுத் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுவதும் வந்தது 2011-12 வாக்கில்தான். இப்போது முதலாண்டு சேர்பவர்கள் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. சேர்ந்த வாரமே முதல் ஊசி போட்டால் மூன்றாவது முடிய அரை வருடம் ஆகிவிடும். அதன்பின் ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்க்க வேண்டும். 10 mIU/ml-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. வார்டில் முதல் ரத்தக்குழாயைத் தேடி ஊசி எடுக்கும் நாளுக்கு முன்னால் அந்த ரிசல்ட் கையில் இருக்கட்டும்.